முப்பத்தெட்டு நாள் இடைவெளி

பணியாளர் பிரிவுக் கண்காணிப்பாளர் மர அடிக்கோலை அவளுடைய கோப்பின் மேல் குறுக்காக வைத்து, ஒவ்வொரு வரியாகக் கீழே இறக்கிக்கொண்டே வந்தார். ஒன்பது வருடம், ஏழு ஒப்பந்தங்கள். ஒப்பந்தத்துக்கு ஒரு வரி: தொடங்கிய தேதி, முடிந்த தேதி, ஆய்வுத் திட்டத்தின் பெயர். முதல் நான்கு வரிகளைக் கோல் தடையில்லாமல் தாண்டியது. நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் நின்றுவிட்டது. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விரல்விட்டு எண்ணி, நம்பிக்கை வராமல் நாட்காட்டியை எடுத்து இன்னொரு தடவை எண்ணினார். எதிரே உட்கார்ந்திருந்த அவள் எண்ணவில்லை. எத்தனை நாள் என்று அவளுக்குத் தெரியும்.

“இந்த முப்பத்தெட்டு நாள் எங்கம்மா போயிட்டீங்க?”

“எங்கேயும் போகல சார். இங்கதான் இருந்தேன்.”

“இங்கன்னா?”

“லேப்ல. வேலை பாத்துக்கிட்டு.”

கண்காணிப்பாளர் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஆர்டர் இல்லாமயா? நல்லவேளை, எங்கிட்ட சொன்னீங்க. வேற யார்கிட்டயும் சொல்லி வைக்காதீங்க.”

ஒப்பந்தத்திலேயே காலம் தள்ளும் ஆராய்ச்சியாளர்களில், எட்டு வருடம் இடைவிடாமல் வேலை செய்தவர்களை நிரந்தரமாக்குவது என்று அந்த ஆய்வு நிறுவனத்தின் நிர்வாகக் குழு முதன்முறையாகத் தீர்மானித்திருந்தது. பதினொரு இடம். இனி இப்படி ஒன்று எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. அவளுக்கு வயது நாற்பத்தொன்று. நடப்பு ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. எட்டாவது என்று ஒன்று கிடையாது, திட்டமே முடிந்துவிட்டது என்று போன வாரமே கடிதம் வந்தாகிவிட்டது. ஆக, இதுதான் கதவு. இதுவும் சாத்திக்கொண்டால் வெளியே தெருதான்.

“நாப்பது நாளுக்கு உள்பட்ட இடைவெளின்னா மன்னிக்கலாம்னு விதி இருக்கு” என்றார் கண்காணிப்பாளர், சுற்றறிக்கையைப் புரட்டியபடி. “காரணம் மூணே மூணு. பிரசவம். சொந்த உடம்புக்கு முடியாம போனது. குடும்பத்துல ஒருத்தரை ஆஸ்பத்திரியிலயும் அப்புறம் வீட்டுலயும் கூட இருந்து பாத்துக்கிட்டது. வேலை பாத்துக்கிட்டு இருந்தேன்னு ஒரு காரணம் இதுல இல்லம்மா. நானும் தேடிட்டேன்.” அவராகவே சிரித்தார், பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் குழு உக்காருது. உங்க பேராசிரியர்கிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. ஆதாரம் கூட இருக்கணும். கேள்வியும் கேப்பாங்க.”

ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த முப்பத்தெட்டு நாளும் அவள் கூடவே நடந்து வந்தன. அவளுடைய வேலை பழ ஈக்களை வளர்ப்பது. நூற்று நாற்பது வம்சங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மரபணு மட்டும் மாறியிருக்கும். விரல் நீளக் கண்ணாடிக் குழாய், அடியில் மாவுக் கூழ், வாயில் பஞ்சு மூடி, அவ்வளவுதான் ஒரு வம்சத்தின் உலகம். பதினான்கு நாளுக்கு ஒருமுறை பழைய குழாயிலிருந்து புதிய குழாய்க்கு ஈக்களைத் தட்டி மாற்ற வேண்டும். தவறினால் கூழ் காயும், பூஞ்சை பிடிக்கும், ஒரு வம்சம் சத்தமில்லாமல் அற்றுப்போகும். கூடத்தில் இளையவர்கள் எல்லாரும் அவளை ‘ஈ அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் கேலியாக வைத்த பெயர். பிறகு அதுவே பெயராகிவிட்டது. அவளும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

ஐந்து வருடத்துக்கு முன் ஒரு திட்டம் முடிந்து, அடுத்த திட்டத்தின் உத்தரவு எந்த மேசையிலோ மாட்டிக்கொண்டபோது, ஒப்பந்தம் தீர்ந்தது ஈக்களுக்குத் தெரியவில்லை. அவள் வந்துகொண்டிருந்தாள். உத்தரவு இல்லாதவர் கூடத்துக்குள் கால் வைத்தால் காப்பீட்டுச் சிக்கல், பேராசிரியருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அதனால் ஆய்வு மாணவி ஒருத்தியின் நுழைவு அட்டையை வாங்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தாள். பதிவேட்டில் யார் மாற்றியது என்ற கட்டத்தில் அந்த மாணவியின் சுருக்கொப்பத்தையே போட்டாள். முப்பத்தெட்டு நாளும். ஒரு குழாயில் எட்டு ஈ இருந்தால் எட்டு என்றும், சந்தேகமிருந்தால் ‘ஏழு அல்லது எட்டு’ என்றும் எழுதுகிற கை அது. அந்தக் கை எழுதிய ஒரே பொய் தன்னைத் தானே அழித்துக்கொண்ட அந்தக் கட்டம்தான்.

பேராசிரியை அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். கெட்டவர் அல்ல. ஒவ்வொரு முறையும் அவளுக்காக உத்தரவு தேடி அலைந்தவர்.

“உண்மையைச் சொல்றதா இருந்தா பதிவேட்டைக் காட்டணும்” என்றார் மெதுவாக. “காட்டினா அதுல வேற ஆள் பேரு இருக்கு. அது பொய்யின்னு நாமளே சொல்லணும். அந்தப் பதிவேட்டை வச்சு ரெண்டு கட்டுரை போட்டிருக்கோம். உன் பேருதான் முதல்ல. புரியுதா?”

“புரியுது மேடம்.”

“அந்த நேரத்துல உன் வீட்டுக்காரருக்கு அடிபட்டுதே. ஆஸ்பத்திரியில இருந்தார்ல?”

“பன்னெண்டு நாள். அப்புறம் வீட்டுல.”

பேராசிரியை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “கடிதத்தை நீயே எழுதிட்டு வந்துடு. நான் கையெழுத்து போடுறேன்.”

அது அங்கே வழக்கம்தான். பரிந்துரைக் கடிதம் வேண்டுபவரே எழுதி வர வேண்டும், பெரியவர்கள் கையெழுத்திடுவார்கள். அவள் இதுவரை ஏழு தடவை பேராசிரியையின் குரலில் தன்னைத் தானே புகழ்ந்திருக்கிறாள். ‘மிகுந்த பொறுமைசாலி’ என்று எழுதும்போது முதல் தடவை கூசியது. ஏழாவது தடவை, அந்தப் பெண் யாரோ நல்ல பெண் போலிருக்கிறதே என்று தோன்றியது. இப்போது எட்டாவது. அதில் அந்தப் பொறுமைசாலிப் பெண் கணவனின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள்.

வியாழக்கிழமை காலை கணவர் வீட்டில் இருந்தார், வேலை முறை மதியத்துக்கு மேல்தான். அவர் லிஃப்ட் மெக்கானிக். சமையலறை மேசையில் மாத்திரை டப்பாக்களையும் திறந்துகிடந்த கருவிப் பையையும் ஓரமாகத் தள்ளிவிட்டு அவள் காகிதங்களை வரிசையாகப் பரப்பியிருந்தாள்: கடிதம், மருத்துவமனையின் விடுவிப்புச் சீட்டு, ‘என்னை என் மனைவியே உடனிருந்து கவனித்துக்கொண்டார்’ என்ற உறுதிமொழி. கடைசிக் காகிதத்தில் அவருடைய கையெழுத்து வேண்டும். குழந்தையைப் பற்றிய பேச்சை அடுத்த ஒப்பந்தம் வரட்டும், அதற்கடுத்தது வரட்டும் என்று தள்ளித் தள்ளி, ஒரு கட்டத்தில் அந்தப் பேச்சே நின்றுபோனதும் இதே மேசையில்தான். அவளுக்கு அது நினைவு வந்தது. அவருக்கும் வந்திருக்குமோ என்று பார்த்தாள். அவர் கடிதத்தை இரண்டாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

“நல்லா எழுதியிருக்க. படிக்க எனக்கே அழுகையா வருது. ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சியாமே.”

“கிண்டல் பண்ணாதீங்க.”

“கிண்டல் இல்லம்மா. இந்தப் பொண்ணு எனக்குக் கெடச்சிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்னு பாத்தேன்.”

அந்தப் பன்னிரண்டு நாளும் கூட இருந்தது அவருடைய அக்கா. தன் வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டு வந்து, கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்தவர். இவள் மாலையில் பார்வையாளர் நேரத்தில் வந்து போனாள். சில நாள் அதுவும் முடியவில்லை. வீட்டுக்குத் திரும்பிய பிறகும் அக்காதான் இருந்தார். ‘ஆர்டரே இல்லாத வேலைக்கு அப்படி என்னம்மா ஓட்டம்’ என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. பேச்சையும் குறைத்துக்கொண்டார்.

“உங்க அக்காவுக்குத் தெரிஞ்சா?”

“தெரியாது. தெரிஞ்சாலும் சிரிச்சுட்டுப் போயிடுவா.” அப்படிச் சிரிக்கிற ஆள் இல்லை அக்கா என்று இருவருக்கும் தெரியும். “கையெழுத்துதானே, போடுறேன். ஆனா அவங்க கேள்வி கேப்பாங்கன்னு சொன்னியே. நீ என்ன சொல்லுவ?”

“கேட்டா சொல்லுவேன்.”

“சரி, நான்தான் குழு. சொல்லு. எந்தக் கால்?”

“வலது. முழங்காலுக்குக் கீழ.”

“பரவாயில்லயே. எந்த மாடில இருந்தேன்?”

“ரெண்டாவது மாடி. ஜன்னலோரம்.”

“அது பின்னாடி மாத்தினது. முதல் ஆறு நாள் கீழதான், எக்ஸ்ரே ரூமுக்குப் பக்கத்துல. ஸ்ட்ரெச்சர் சத்தத்துல தூங்கவே முடியாது. கூட இருந்தவங்களுக்கு அது தெரிஞ்சிருக்கும்.” அவர் குரலில் கோபம் இல்லை. பழுது பார்க்கப் போன கட்டடத்தில், எந்த மாடியில் லிஃப்ட் நிற்கிறது என்று காவலாளியிடம் விசாரிக்கிற குரல். “ஆபரேஷன் எவ்வளவு நேரம்?”

அவள் யோசித்தாள். யோசிப்பதுபோல் இருந்தாள்.

“நாலரை மணி நேரம்” என்று அவரே சொன்னார். “அக்கா வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தா. மயக்கம் தெளியும்போது நான் யாரைக் கூப்பிட்டேன் தெரியுமா?”

“யாரை?”

“அது வேண்டாம், விடு. அது குழுவுல கேக்க மாட்டாங்க.” அவர் விடுவிப்புச் சீட்டை எடுத்து, பார்த்து, வைத்தார். “அன்னிக்கு நீ என்ன பண்ணிக்கிட்டு இருந்த?”

இதற்கு மட்டும் அவளுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கேட்ட உடனே வாய் தானாகச் சொல்லிவிட்டது. “அறுபத்தொண்ணாம் குழாயிலருந்து தொண்ணூறு வரைக்கும் மாத்தினேன். எழுபத்திநாலுல பூஞ்சை. மூணு ஈதான் மிச்சம், ரெண்டு பெண்ணு, ஒரு ஆணு. அதைத் தனியா எடுத்து வச்சேன். பொழச்சுக்கிச்சு.”

“அது உனக்கு ஞாபகம் இருக்கு” என்றார் அவர்.

மேல் வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அவள் உறுதிமொழிக் காகிதத்தின் மேல் கையை வைத்தாள். எடுத்துக் கிழித்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கிழித்தால் அடுத்த மாதம் முதல் தேதியன்று காலையில் எழுந்து எங்கே போவது என்பதும் கூடவே தோன்றியது. வேறு வேலைக்கு அவளுக்குக் கை இல்லை. ஈக்களின் சிறகு எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று சொல்லத் தெரிந்த கண்ணை வைத்துக்கொண்டு இந்த உலகத்தில் வேறு எந்தக் கடையில் போய் நிற்பது?

“வேண்டாம்னா விட்டுடலாம்” என்றாள்.

“வேண்டாம்னு நான் சொல்லவே இல்லையே. உனக்கு இது வேணும்ல?”

“வேணும்.”

“அப்ப நோட்டை எடு. ஒழுங்கா எழுதிக்கோ. நாலு மணிக்கு நீ உளறி வச்சின்னா ரெண்டு பேர் மானமும் போயிடும்.”

அவள் நோட்டையும் பென்சிலையும் எடுத்தாள். பழக்கம் விடவில்லை. பக்கத்தில் கோடு போட்டு, தேதி ஒரு பக்கம், விவரம் ஒரு பக்கம் என்று கட்டம் பிரித்தாள். அவர் முதல் நாளிலிருந்து சொல்லத் தொடங்கினார். லிஃப்ட் குழிக்குள் விழுந்தபோது மணி பதினொன்றே கால். ஆம்புலன்ஸில் கூட வந்தவன் உதவியாள். டாக்டருக்கு வழுக்கைத் தலை, சத்தமாகப் பேசுவார், பெயர் இன்னது. நாலாம் நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் பக்கத்துக் கட்டிலில் இருந்த கிழவர் விடியற்காலையில் இறந்துபோனார். திரை போட்டு மறைத்தார்கள். அன்றைக்கு முழுக்க அவர் சாப்பிடவில்லை. அவள் தலை நிமிராமல் எழுதினாள். எழுத எழுத அவருடைய குரல் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் பிடித்தது. யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த கதை போல வந்துகொண்டிருந்தது. இடையில் ஒரு இடத்தில் அவள் பென்சில் நின்றது. “இதெல்லாம் நீங்க எங்கிட்ட சொன்னதே இல்லையே” என்றாள்.

“நீ கேட்டதே இல்லையே. சரி, எழுது. தையல் எத்தனை?”

“எத்தனை?”

“எனக்கும் தெரியாது. எண்ணிப் பாரு.”

அவர் நாற்காலியைத் திருப்பிப்போட்டு வேட்டியை ஒதுக்கி வலது காலை நீட்டினார். அவள் நோட்டோடு தரையில் உட்கார்ந்து அந்தக் காலைத் தன் மடியில் ஏற்றிக்கொண்டாள். ஜன்னல் வெளிச்சத்தில் தழும்பு வெளுத்துப் பளபளத்தது. இரண்டு பக்கமும் ஊசி ஏறிய புள்ளிகள் ஜோடி ஜோடியாக மேலே ஏறிப் போயின. ஐந்து வருடமாக ஒரே கட்டிலில் படுத்த காலை இவ்வளவு பக்கத்தில் வைத்து அவள் பார்த்ததில்லை. கணுக்காலில் தொடங்கி, ஒவ்வொரு புள்ளியையும் பென்சில் நுனியால் தொடாமல் தொட்டு, உதடு அசைய எண்ணிக்கொண்டே போனாள். பத்தொன்பதில் வேட்டி மறைத்தது.

“இன்னும் இருக்கு” என்று அவர் துணியை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றினார்.