வொர்ரெய் என்று தொடங்கும் வாக்கியம்

கணவன் இறந்தபின் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா காலம் முடிந்ததும், தஹ்ஸீன் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி ஸ்ரீரங்கத்துக்கு இத்தாலிய வகுப்புக்குப் போனாள். கணவன் அப்ரார் இத்தாலியில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தவன். அவனிடம் போய்ச் சேரத்தான் அந்த மொழியைப் படிக்க ஆரம்பித்திருந்தாள். சைக்கிளில் வேலைக்குப் போகும்போது லாரி மோதி இறந்தான். அடக்கமும் அங்கேயே ஆகிவிட்டது. இனி அந்த மொழி எதற்கு என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

உத்தர வீதி மாடியறையில் ப்ரீத்தி டீச்சர் போர்டில் மூன்று சொற்களை எழுதியிருந்தாள். தொவ்ரெய், பொத்ரெய், வொர்ரெய்.

"கடையில போய் 'வோல்யோ', எனக்கு வேணும்னு சொன்னா அதிகாரம் பண்ற மாதிரி இருக்கும். 'வொர்ரெய்'னா கிடைச்சா நல்லாருக்கும்னு தணிவா கேக்கறது. செய்யணும்ங்கறதுக்குத் தொவ்ரெய், முடியும்ங்கறதுக்குப் பொத்ரெய். பின்னாடி வர்ற வினைச்சொல் மட்டும் மாறவே மாறாது."

ஆளுக்கொரு வாக்கியம் சொன்னார்கள். ஒருவருக்குக் காபி குடிக்க வேண்டும், இன்னொருவருக்கு ரோம் போக வேண்டும்.

"வொர்ரெய் தோர்மீரே," என்றாள் தஹ்ஸீன். தூங்கினால் நன்றாயிருக்கும்.

"கரெக்ட்," என்றாள் ப்ரீத்தி.

அப்போதுதான் தஹ்ஸீனுக்குப் போன் வந்தது. அப்ராருக்கு அறை வாடகைக்கு விட்டிருந்த புரூனா அம்மாள். ஆங்கிலம் தெரியாதவர்.

"நான் பேசட்டுமாங்க?" என்றாள் ப்ரீத்தி.

"வேண்டாம் மிஸ், நானே பேசறேன்."

புரூனா நிறுத்தி நிறுத்திப் பேசினார். தொவ்ரெய் என்று ஆரம்பித்தார். அறையைக் காலி செய்ய வேண்டியிருக்கிறது, வேறு ஆள் வருகிறார், துணிமணிகளை என்ன செய்யட்டும்?

யாருக்காவது கொடுத்துவிட முடியுமா என்று தஹ்ஸீன் பணிவாகவே கேட்டாள். இலக்கணம் சரியாக வந்தது.

"உனக்கு எதுவும் வேண்டாமா?"

"வொர்ரெய் வெதேரே," என்றாள். அந்த அறையைப் பார்க்க வேண்டும்.

புரூனா வீடியோவுக்கு மாறி, போனை மெதுவாக அறையைச் சுற்றிக் காட்டினார். கட்டில். ஹீட்டர் மேல் ஒரு துண்டு. பிரஷர் குக்கர். பிறகு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் மலை என்று அப்ரார் சொல்லியிருந்தான். எதிர்வீட்டுச் சுவர்தான் தெரிந்தது. ஏன் அப்படிச் சொன்னான் என்று அவளுக்குப் புரிந்தது. கோபமோ அழுகையோ வரவில்லை. நன்றி சொல்லிப் போனை வைத்தாள்.

"அடுத்த வாரம் வருவீங்களா?" என்று ப்ரீத்தி கேட்டாள்.

"தெரியலங்க."

வீட்டில் அம்மா வஹீதா இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அவர் ரூமைப் பாத்தேம்மா. சின்ன ரூம்தான்."

"சுத்தமா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

வஹீதா அடுப்புப் பக்கம் திரும்பி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். தஹ்ஸீன் பக்கத்தில் போய் நின்றாள். அம்மாவின் தோளில் கை வைக்க வேண்டும் என்று தெரிந்தது. சற்று நேரம் கழித்து வைத்தாள்.