யாரும் கத்தவில்லை

என் வேலை என்னவென்று வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டிய தொல்லை எனக்கு இல்லை. வீட்டில் யாரும் இல்லை. வெளியே கேட்பவர்களிடம் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லிவிடுவேன். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

குளிர்பதனக் கிடங்குகள் நடத்தும் நிறுவனம் எங்களுடையது. ஊருக்கு ஊர் கிளை. கிளைக்குக் கிளை கம்ப்யூட்டர். எல்லாம் ஒரே வலையில் இணைந்தவை. அவற்றுக்குள் யாரும் திறக்காமலே, திரையில் முகம் காட்டாமலே ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள் நிறைய உண்டு. ஒன்று அச்சாக வேண்டிய தாள்களை வரிசையில் நிறுத்தும். ஒன்று அறைகளின் குளிரைப் பதிந்துகொண்டே இருக்கும். ஒன்று கணக்குகளை நகல் எடுத்து வைக்கும். சர்வீஸ் என்போம். என் மேஜைக்கு எதிரே சுவரில் இருக்கும் பெரிய திரை ஒவ்வொரு சர்வீஸையும் விடாமல் "இருக்கிறாயா?" என்று கேட்கும். "இருக்கிறேன்" என்று பதில் வந்தால் பச்சைப் புள்ளி. குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் சிவப்பு. சிவப்பைப் பார்ப்பதற்காகத்தான் எனக்குச் சம்பளம். பெரும்பாலும் பச்சையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அறையில் இன்னொரு நாற்காலியும் உண்டு. அது சைரனுடையது. குரலுக்காக நாங்கள் வைத்த பெயர். பக்கத்து அறையில் இருப்பவரிடம் பேச அவனுக்குப் போன் தேவைப்படாது. இப்போது பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை செய்கிறான். வாரத்துக்கு ஒருமுறை வருவான். அவன் போன பிறகு ஏசி ஓடும் சத்தம் புதிதாகக் கேட்பதுபோல் கேட்கும்.

அந்த வருஷம் பழைய சர்வர்களையெல்லாம் கழித்துவிட்டுப் புதியவற்றுக்கு மாறச் சொன்னார்கள். மாற்றும்போதுதான் தெரிந்தது, யார் வைத்தது, யாருக்காக என்று ஒருவருக்கும் தெரியாத சர்வீஸ்கள் ஒரு கூட்டமே இருக்கிறது என்று. வைத்தவர்கள் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். அவை மட்டும் "இருக்கிறேன், இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தன.

"அக்கா, ஒவ்வொண்ணையும் ஆராய்ச்சி பண்ணிட்டு உட்கார்ந்தா நமக்கு ரிட்டயர்மெண்ட் வந்துடும்," என்றான் சைரன். "நிறுத்திடுங்க. வேணும்ங்கறவன் கத்துவான்."

"கத்தலைன்னா?"

"கத்தலைன்னா யாருக்கும் வேணாம்னு அர்த்தம். ஒரு மாசம் பாத்துட்டு அடியோட தூக்கிடலாம்."

இது அவன் கண்டுபிடிப்பு அல்ல. எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். நாகரிகமான முறை என்று சொல்ல மாட்டேன், ஆனால் பலித்தது. ஒன்றை நிறுத்திவிட்டு டீயை வாயில் வைப்பதற்குள் கணக்குப் பிரிவு அம்மாள் படியேறி வந்து, "யாரு அது என் வயித்துல அடிச்சது?" என்று வாசலில் நின்றார். உடனே திரும்ப ஓடவிட்டேன். மற்றவை நின்றது நின்றபடியே கிடந்தன. உலகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த வாரம்தான் தம்பிக்குப் போன் செய்வதையும் நிறுத்தினேன்.

அம்மா போன பிறகு நாங்கள் இரண்டு பேர்தான். அவன் மனைவி, மகனோடு வேறு ஊரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கூப்பிடுவேன். எப்போதும் நான்தான். "நல்லாருக்கேன்க்கா. அவளும் நல்லாருக்கா. பையன் படிக்கிறான்." நான் கேட்பேன், அவன் சொல்வான், கேள்விகள் தீர்ந்ததும் வைத்துவிடுவோம். ஒரு ஞாயிறு போனைக் கையில் எடுத்தபோது சைரனின் குரல் காதில் விழுந்தது. வேணும்ங்கறவன் கத்துவான். போனை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போனேன்.

விளையாட்டாக ஆரம்பித்தேன் என்று சொன்னால் பொய். எதைப் பணயம் வைக்கிறேன் என்று தெரிந்துதான் வைத்தேன். அவனை விட்டால் எனக்காகக் கத்துவதற்கு வேறு ஆள் கிடையாது.

முதல் வாரம் அவனுக்கு வேலை இருந்திருக்கும். இரண்டாவது வாரம் மறந்திருப்பான். மூன்றாவது வாரம், அலுவலகத் தொலைபேசியிலிருந்து என் கைபேசியை நானே கூப்பிட்டுப் பார்த்தேன். மணி அடித்தது. கோளாறு அதில் இல்லை. தம்பியின் எண்ணுக்குப் பக்கத்தில், சற்று முன் வரை ஆன்லைனில் இருந்தான் என்று காட்டியது. இருக்கிறான். பதில் வருகிறது. அதுவரைக்கும் சரிதான்.

ஞாயிறு மதியங்கள் நீளமானவை என்று அப்போதுதான் கவனித்தேன். புடவைகளை அலமாரியிலிருந்து எடுத்து மறுபடி மடித்து வைத்தேன். பேசாத நாளில் என் குரல் மாலையில் கரகரவென்று இருக்கும். பால் வாங்கப் போய் "ஒண்ணு" என்று சொல்லும்போது தெரியும்.

ஒரு மாதம் முடிந்ததும் சைரன் வந்தான்.

"என்னக்கா, எவனாவது கத்தினானா?"

"கணக்குப் பிரிவு அம்மாவோட சரி. வேற யாரும் வரலை."

"அப்ப தூக்கிடுங்க. மேலாளர் என்னைப் பிடிச்சு உலுக்கறாரு."

ஒவ்வொன்றாக அழித்தேன். கடைசியில் ஒன்று. அழிக்கட்டுமா என்று திரை கேட்டது. சுட்டியின் மேல் விரல் இருந்தது, அழுத்த வரவில்லை. கத்தாதவருக்கு வேண்டாம் என்று முடிவு கட்ட அன்றைக்கு என்னால் முடியவில்லை. யாருக்காக என்பதை நீங்களே ஊகிக்கலாம். அந்த சர்வீஸ் எங்கே எதை அனுப்பிக்கொண்டிருந்தது என்று தேடினேன். கடைக்கோடிக் கிளை ஒன்றில் இருந்த பிரிண்டருக்குத் தினமும் காலையில் ஒரு தாள். அந்தக் கிளையின் எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"தலைமை அலுவலகத்துலேருந்து பேசறேன்."

அந்தப் பக்கம் மூச்சை இழுத்துப் பிடித்ததுபோல் இருந்தது. "சொல்லுங்க மேடம். நான் இங்க கிடங்குப் பொறுப்பாளர்."

"உங்க பிரிண்டருக்குக் காலையில ஒரு தாள் வந்துட்டிருந்ததா?"

"வந்துட்டிருந்துச்சு. எந்த அறைக்கதவு சரியா மூடலை, எங்க குளிர் இறங்கலைன்னு இருக்கும். அதைப் பாத்துத்தான் ஆளுங்களுக்கு வேலை பிரிச்சுக் குடுப்பேன்."

"இப்ப வரலையே. என்ன பண்றீங்க?"

"நானே ஒவ்வொரு அறையா உள்ள போய்ப் பாத்துக்கறேன். ஸ்வெட்டர் போட்டுக்குவேன். ரெண்டு."

"ஏங்க, ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?"

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"இந்தக் கிளையை மூடப் போறாங்கன்னு ரொம்ப நாளா ஒரு பேச்சு இருக்கு மேடம். தாள் நின்னதும், சரி, நம்மளை எடுத்துட்டாங்கன்னு நெனச்சேன். கேட்டா 'ஆமா'ன்னு சொல்லிடுவீங்க. கேக்காத வரைக்கும் சாவி என் பாக்கெட்டுலதான இருக்கு."

"மூடறதைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நிறுத்தினது நான்தான். யாருக்கும் வேணாம்னு நெனச்சுட்டேன்."

"எனக்கு வேணும் மேடம்," என்றார், கடையில் கடைசியாக இருக்கும் ஒன்றைக் கேட்பவர்போல.

சர்வீஸை ஓடவிட்டேன். புள்ளி பச்சையானது. "இருங்க, பிரிண்டர் சத்தம் வருது," என்று போனை மேஜைமேல் வைத்துவிட்டு ஓடினார். தாளை இழுக்கும் ஓசை எனக்கும் கேட்டது.

"ஒரு மாசம் ஐஸ்குள்ள நடந்திருக்கான். வாயில்லையா அந்தாளுக்கு?" என்று விஷயத்தைக் கேட்டதும் சைரன் வியந்தான். எழுந்து படிக்கட்டுப் பக்கம் போனேன். தம்பியும் அப்படித்தான் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறானோ? அக்கா நம்மை எடுத்துவிட்டாள், கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாள் என்று? கூப்பிட்டேன்.

"சொல்லுக்கா."

"நான் கோவமா இருக்கேன்னு நெனச்சியாடா?"

"கோவமா? எதுக்கு?"

"ஒரு மாசமா கூப்பிடலையே."

"யாரு?"

"நான்தான்டா."

"போன வாரம்கூட பேசினோமே. பையனுக்குப் பல் ஆடுதுன்னு சொன்னேனே."

"அந்தப் பல்லு விழுந்து இந்நேரம் புதுசே முளைச்சிருக்கும்."

"அப்படியா? ஒரு மாசமா ஆச்சு?" என்று சிரித்தான். "நாள் போறதே தெரியலைக்கா."

எனக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொன்றாகத் தெரிந்திருந்தது. சுவரில் சாய்ந்துகொண்டேன். இப்போது "சரிடா, சும்மாதான் கூப்பிட்டேன்" என்று சொல்லி வைத்துவிடலாம். அவன் எதையும் கவனிக்க மாட்டான். அதுதான் பொறுக்கவில்லை.

"வேணும்னேதான் கூப்பிடாம இருந்தேன்," என்றேன். "நீ கூப்பிடறியான்னு பாக்க."

சிரிப்பு நின்றது. அதன்பிறகு ஒன்றும் வரவில்லை. என் திரையாக இருந்தால் இந்நேரம் சிவப்பு காட்டியிருக்கும். நான் வைக்கவில்லை.

"எனக்கு அது வராதுக்கா," என்றான் கடைசியில். "அம்மா இருந்தப்பவும் நீதான் போன் போட்டு என் கையில குடுப்ப. ஆனா நீ கூப்பிட்டு நான் எடுக்காம இருந்திருக்கேனா?"

இல்லை. பிரசவ அறை வாசலில் நின்றுகொண்டு எடுத்திருக்கிறான். காய்ச்சலில் குரல் எழும்பாமல் எடுத்திருக்கிறான். சில சர்வீஸ்கள் தாமாகப் பேசும். சில, கேட்டால் மட்டும் பதில் சொல்லும். அவற்றில் கோளாறு ஒன்றுமில்லை, அவற்றை அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். புதிதாக வருபவர்களுக்கு நானே இதைச் சொல்லிக்கொடுப்பேன். அது போதும்டா என்று நாக்கு நுனி வரை வந்தது.

"போதாதுடா," என்றேன்.

அவன் பக்கம் நாற்காலி நகர்ந்தது. பிறகு, "சரி. வை. நான் கூப்பிடறேன்," என்றான்.

வைத்தேன். கணக்குப் பிரிவு அம்மாள் என்னைத் தாண்டி மேலே போனார், வழிவிட ஒதுங்கினேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று பார்க்கவில்லை.

போன் அடித்தது. திரை முழுக்க அவன் முகம். எப்போதோ அவன் பெயரோடு நான் சேர்த்து வைத்த படம். அழைப்பு வந்தால்தான் அது பெரிதாகத் தெரியும் போலிருக்கிறது. நான் பார்த்ததே இல்லை. மெலிதாக மீசை விட்டிருந்த காலம். கொஞ்சம் அடிக்கவிட்டு எடுத்தேன்.

"கூப்பிட்டுட்டேன்."

"உம்."

"என்ன பேசறதுக்கா?"

"நீதானே கூப்பிட்ட. நீ சொல்லு."

வழக்கமாக இந்த இடத்தில் நான் கேள்விகளை அடுக்குவேன். வேலை எப்படி, அவள் எப்படி, பையன் சாப்பிடுகிறானா. வாயை இறுக்கிக்கொண்டேன். அவன் பக்கம் ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வண்டி ஒன்று போனது.

"மேல் ரூம் ஒழுகுது," என்றான்.

ஆள் கூட்டிவந்து காட்டினாயா என்று கேட்க உதடு பிரிந்தது. கேட்கவில்லை. படியில் உட்கார்ந்தேன்.

"பக்கெட் வெச்சிருக்கோம். மழை பெஞ்சா விடிய விடிய சொட்டிட்டே இருக்கு. அவங்க ரெண்டு பேரும் தூங்கிடுவாங்க. எனக்குத்தான் தூக்கம் வர்றதில்ல."

இதை அவன் என்னிடம் சொன்னதே இல்லை. நானும் இத்தனை கேள்விகளில் இதைக் கேட்டதில்லை.

"உம்," என்றேன்.

அடுத்து என்ன சொல்லலாம் என்று அவன் தேடுவது தெரிந்தது. தேடட்டும் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.