குலசாமிக்கு மொட்டை

யாழினிக்கு ஏழு வாரமானபோதுதான் அந்த வீட்டுக்கு முதன்முதலாகப் போனேன். பார்வைக் குறையுள்ள பச்சைப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்ப் பெற்றவர்களுக்குத் துணையாக இருப்பது என் வேலை. அரியலூரிலிருந்து தா.பழூருக்கு பஸ், அப்புறம் நடை. குழந்தைக்கு இரண்டு கண்ணிலும் பிறவிப் புரை. பத்து வாரத்துக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால், பிறகு புரையை எடுத்தாலும் பார்வை வருவது சந்தேகம் என்று திருச்சி டாக்டர் படித்துப் படித்துச் சொல்லித் தேதியும் கொடுத்திருந்தார்.

அப்பன் அறிவழகன் அசையவில்லை.

"குலசாமிக்கு மொதமுடி எறக்காம எம்புள்ள மேல கத்தி படக்கூடாது டீச்சர்."

"நாளைக்கே எறக்கிட்டு வாங்க. யாரு வேணாங்குறா?"

"பங்காளி எங்க அண்ணன் வந்து நிக்காம பூசாரி பூசை போட மாட்டாரே."

அண்ணன் மணிமாறனோடு வரப்புத் தகராறு. இரண்டு வருடமாகப் பேச்சு கிடையாது. நாலு வீடு தள்ளியிருந்த அவரிடம் நானே போனேன். மோர் கொடுத்து உட்கார வைத்தார்.

"புள்ள மேல எனக்கென்னங்க கோவம்? அவன் என் வாசல்ல வந்து கூப்புடட்டும், அடுத்த நிமிசம் வரேன்."

தம்பியிடம் வந்து சொன்னேன். "அவன் வாசல்லயா? செத்தாலும் மிதிக்க மாட்டேன்" என்றான். அட, நீ எதற்கடா சாகிறாய்? உன் வீம்புக்குக் கண்ணைக் கொடுக்கப்போவது அந்தப் பிஞ்சு அல்லவா!

தேதிக்கு முந்தின நாள் தாய் வெற்றிச்செல்வி குழந்தையோடு என் பின்னாலேயே பஸ் நிறுத்தத்துக்கு ஓடி வந்தாள்.

"அக்கா, நீங்களே எங்கள கூட்டிட்டுப் போயிடுங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"வீட்டுக்காரர் சம்மதம் இல்லாம எப்படிம்மா?" என்றேன்.

தாயின் கையெழுத்தே போதும். எனக்கு அது நன்றாகத் தெரியும். அந்த ஊரில் நான் வேலையாகப் போய்வர வேண்டிய வீடுகள் இன்னும் மூன்று இருந்தன. வம்பு எதற்கு என்று வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

யாழினிக்கு ஏழாம் மாதம் நடந்தபோது ஊர்க்காரர்கள் வரப்பை அளந்து கல் நட்டார்கள். அண்ணன் தம்பி ராசியானார்கள். மூன்று கெடா வெட்டி மொட்டை போட்டார்கள். நானும் போய்ச் சாப்பிட்டேன், வெட்கங்கெட்டவள். அதற்கப்புறம்தான் ஆபரேஷன். நன்றாகத்தான் நடந்தது. ஆனால் இத்தனை மாதம் எதையும் பார்த்துப் பழகாத கண்ணுக்கு, கெட்டிக் கண்ணாடி போட்டும் வெளிச்சம் இருட்டுக்கு மேல் எதுவும் பிடிபடவில்லை.

போன வாரம் போனபோது சகோதரர்கள் இருவரும் வீட்டில் இருந்தார்கள். ஒன்றரை வயது யாழினிக்குத் தடவிப் பார்த்துச் சாமான்களை அடையாளம் காணப் பழக்கிக்கொண்டிருந்தேன். மணிமாறன் எதிரே குனிந்து, "தங்கம், பெரியப்பாவப் பாரு" என்றார். அவள் அவர் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்தாள்.

"பாத்தீங்களா டீச்சர், பாக்குது!"

"பாக்கலைங்க. ஒங்க குரலக் கேட்டுச் சிரிக்குது."

அடுப்படியிலிருந்து வெற்றிச்செல்வி இரண்டு டம்ளர் டீயோடு வந்தாள். அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் வைத்தாள்.

"அண்ணனும் தம்பியும் இப்புடி ஒண்ணா ஒக்காந்திருக்கறத ஊரே பாக்குது மாமா" என்றாள். "எம்புள்ள ஒருத்தியாலதான் பாக்க முடியல."

பிறகு என் பக்கம் திரும்பி, "ஒங்களுக்கும் டீ போடவாக்கா?" என்று கேட்டாள்.