மூன்றாவது சூடு

எருமப்பட்டிப் பக்கம் பிள்ளைக்குச் சூடு வைக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். பிறந்த பிள்ளை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால், கோணி ஊசியைக் கனலில் பழுக்கக் காய்ச்சித் தொப்புளுக்கு மேலே ஒரு இழுப்பு. வீறிட்டு அழும், அப்புறம் பால் குடிக்கும். பூவாத்தாள் கை ராசியான கை என்று பேர். அந்தக் கையை வெட்டிப் போட்டிருக்க வேண்டும்.

வெள்ளைக்காரன் சண்டையால் மண்ணெண்ணெய் கிடைக்காத வருடம் அது. பண்ணையக்காரன் மருதாசலத்தின் மனைவி சௌந்திரத்துக்குப் பெண் பிறந்தது. தாயில்லாதவள் என்பதால் புருஷன் வீட்டிலேயே பிரசவம், பார்த்தவள் நான். ஐந்தாம் நாள், பிள்ளை கட்டையாகக் கிடக்கிறது என்று ஆள் வந்தது. போய்ச் சூடு வைத்தேன். ஒன்பதாம் நாள் மறுபடியும் வைத்தேன். இரண்டு முறையும் மருதாசலம் பக்கத்திலேயே நின்றான்; பிள்ளை அழவில்லை, உதடு மட்டும் நடுங்கியது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மரமண்டை, உறைக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் மூன்றாவது சூட்டுக்குப் போனேன். மருதாசலம் தோட்டத்தில் இருந்தான். ஊசியைக் கனலில் போட்டுவிட்டு உள்ளே பார்த்தால், பிள்ளை தாய் முகத்தையே பார்த்துக்கொண்டு பால் குடிக்கிறது. நான் நாக்கை நீட்டினேன். அதுவும் மெல்ல நீட்டியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதுக்கா அம்மிணி சூடு?"

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பிள்ளை முலையை விட்டது. கண்ணை மூடிக்கொண்டு, கையும் காலும் துவண்டு, கிழிந்த துணியாகக் கிடந்தது.

"அவிய சத்தங் கேட்டாலே இப்படித்தான் பூவாத்தா," என்றாள் சௌந்திரம். "வயித்துக்குள்ள இருக்கறப்பவே ஒத வாங்குனதாச்சே."

மருதாசலம் உள்ளே வந்தான். சோறு ஆறிவிட்டதாம். வட்டிலை எடுத்து அவள் முகத்தில் அடித்தான். புருவம் கிழிந்து ரத்தம் பிள்ளையின் கன்னத்தில் சொட்டியது. முடியைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினான். ஒரு தடவை அல்ல. பிள்ளை அசையவே இல்லை.

"பாரு, பொணமாட்டங் கெடக்குது. சூட்டை வெய்யி," என்றான்.

"நோவு புள்ளைக்கு இல்லீங்க சாமி."

"பின்ன ஆருக்கு?"

சிவந்திருந்த ஊசியை எடுத்து அவன் கன்னத்தில் வைத்து அழுத்தினேன். தோல் பொசுங்கியது. பொய் சொல்ல மாட்டேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அலறிக்கொண்டே உலக்கையைத் தூக்கினான். என் இடது கை இரண்டு இடத்தில் முறிந்தது. முன்பல் நான்கு போயிற்று. நான் அடி வாங்கிய நேரத்தில் சௌந்திரம் பிள்ளையை வாரிக்கொண்டு ஓடி, சங்ககிரியில் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். அன்று பொழுது சாயும் முன்னே என் குடிசையைக் கொளுத்தினான். எரியட்டும், பிள்ளை பிழைத்தது என்று இருந்தேன்.

இரண்டு வருடம் கழித்துச் சங்ககிரிக்குப் பார்க்கப் போனேன். பிள்ளை வாசலில் மண்ணைக் குவித்து விளையாடிக்கொண்டிருந்தாள். கொழுகொழுவென்று தேறியிருந்தாள். தனக்குத்தானே ஓயாத பேச்சு. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"சாமி, இங்க வா," என்று தலையைத் தடவக் கையைத் தூக்கினேன்.

பேச்சு நின்றது. பிள்ளை ஓடவில்லை, அழவில்லை. செருப்புச் சத்தம் கேட்ட அன்றைக்குப் போலவே கண்ணை இறுக மூடிக்கொண்டு, அடி விழட்டும் என்று காத்து நின்றாள்.