நடவுக்காரியின் கால்

இருபது வருஷமாகத் திருவண்ணாமலைச் சுவர்களில் எழுத்து எழுதிப் பிழைக்கிறவன் நான். "இங்கு நோட்டீஸ் ஒட்டாதீர்" என்று இந்த மொய்னுதீன் எழுதிவிட்டால் ஒரு பயல் ஒட்டமாட்டான். ஆனால் படம் போடச் சொல்லி எவனும் கூப்பிட்டதில்லை. எழுபத்தெட்டில்தான் முதன்முதலாக ஆதிமூலம் கூப்பிட்டார். பஸ் ஸ்டாண்டு பக்கம் அவருக்குப் புது விதைக்கடை. சுவர் முழுக்க நாற்று நடும் பெண் வேண்டுமாம். சரியாக வந்தால் நானும் ஆர்ட்டிஸ்ட். சொதப்பினால் சாகிறவரை எழுத்துதான்.

திறப்புவிழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் படம் முடிந்தது. கடையைக் கழுவ வந்த பச்சையம்மாள் வாளியோடு நின்று பார்த்தாள். களுக்கென்று சிரித்தாள்.

"ஏங்க, நட்ட நாத்து இவ முதுகுக்குப் பின்னால இருக்குது? நாங்க பின்னால போயிக்கினேதாங்க நடுவோம். நட்டது கண்ணுக்கு எதிர்லதான இருக்கும்!"

யா அல்லா! நான் எந்தக் கழனியில் இறங்கினேன்? காலண்டரைப் பார்த்து முகத்தைப் போட்டேன், மிச்சத்தை மனசுக்குத் தோன்றியபடி போட்டேன்.

கல்லாவிலிருந்து ஆதிமூலம் எழுந்து வந்தார். "நாளைக்குக் கீழ்பென்னாத்தூர் நடவுச் சனமே வருது. சிரிச்சுட்டுப் போவாங்க. பொழுது சாயறதுக்குள்ள சரி பண்ணு. இல்லைன்னா சுண்ணாம்பு அடிச்சுட்டுக் கடைப் பேர மட்டும் எழுதுய்யா."

நாற்றைப் பெண்ணுக்கு முன்னால் மாற்றினேன். இப்போது நட்டதன்மேலேயே நடந்து போகிறவள் போல இருந்தாள். அடச்சே! இடுப்புக்குக் கீழே மொத்தத்தையும் சுரண்டி எடுத்தேன். பின்னால் போகிறவளின் கால் எப்படி இருக்கும்? என் காலையே பின்னால் எடுத்துவைத்துப் பார்த்து வரைந்தேன், பொய்யாக இருந்தது. வெயில் இறங்கிக்கொண்டே இருந்தது.

உள்ளே பச்சையம்மாள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குனிந்து, துணியை வீசித் துடைத்து, பின்னால் ஓர் அடி. முன்பாதம் முதலில் தரையைத் தடவி இறங்கியது, பிறகுதான் குதிகால். முழங்கால் லேசாக மடங்க, உடம்பின் பாரமெல்லாம் இடுப்பில் நின்றது. துடைத்த இடத்தில் அவள் கால் படவே இல்லை. தினம் என் வீட்டிலும் நடக்கிற வேலைதான். ஒருநாளும் நான் பார்த்ததில்லை.

"அம்மா, இன்னொரு தரம் தொடைம்மா!"

"தொடைச்சதையா? புத்தி கெட்டுப் போச்சாங்க உங்களுக்கு?" என்றாள். ஆனாலும் துடைத்தாள். அவள் துடைக்கத் துடைக்க நான் வரைந்தேன்.

மறுநாள் காலை, எதிர்ப்பக்கத்து டீக்கடையில் ஒளியாத குறையாக நின்றேன். பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள் சுவர் முன்னால் நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. கிட்டப் போய்க் குனிந்து அவள் காலையே பார்த்தார்கள்; அதுதான் இன்னும் பயமாக இருந்தது. ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அவர்கள் நடுவில் பச்சையம்மாளும் நின்றிருந்தாள். வெகுநேரம் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள், படத்துப் பெண்ணைக் கைகாட்டினாள்.

"ஏங்க, பாவம், இவளுக்கு இடுப்பு வலிக்குதுங்க" என்றாள்.