வளைவில் காலை எடுக்காதே

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு ஒரு தம்பி இருந்தான். காரோட்டுவதில் சூரன் என்று ஊரே சொன்னது. அவனும் நம்பித் தொலைத்தான். அண்ணன் ஆசை ஆசையாக வாங்கியிருந்த, இன்ஜின் பின்னால் இருக்கிற ஸ்போர்ட்ஸ் காரை ஒரு மழைநாளில் எடுத்துக்கொண்டு போனான். வளைவில் வேகம் மிஞ்சுவதாகப் பட்டதும், யாராக இருந்தாலும் செய்வதைத்தான் செய்தான்: ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தான். வேறு காராக இருந்தால் சமாளித்திருக்கும். இது பின்பக்கம் கனத்த கார். காலை எடுத்ததும் பின்சக்கரங்கள் பிடியை விட்டன, வால் சுழன்று முன்னால் வந்தது, கார் மரத்தில் போய் மோதியது. காரை வெட்டித்தான் தம்பியின் உடலை வெளியே எடுத்தார்கள்.

வேறு யாராவது என்றால் அந்தக் காரை எடைக்குப் போட்டுத் தலைமுழுகியிருப்பார்கள். இவர் சரிபண்ணி ஓட்டினார். "கார் மேல தப்பில்ல. அவன் காலை எடுத்தான், போயிட்டான்" என்பார். கேட்கிறவர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் மட்டும் என்ன, கல்நெஞ்சக்காரரா? தம்பியை நினைத்துத் தனியாகக் குளியலறையில் அழுதவர்தான். ஆனால் அந்தத் துக்கமெல்லாம் சேர்ந்து ஒரே ஒரு விதியாக உறைந்துவிட்டது: வளைவில் காலை எடுக்காதே.

மகனுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அதே காரில்தான். வீட்டை ஒட்டி மூடிக் கிடந்த மரக்கிடங்கின் முற்றத்தில் தண்ணீரை விட்டு ஈரமாக்கி, வட்டம் வட்டமாக ஓட்டச் சொல்வார். பக்கத்தில் உட்கார்ந்து அவன் முழங்கால் மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். கால் கொஞ்சம் எழும்பினாலும் கை அமுக்கும். பயத்தில் பையன் கத்துவான். "கத்து, தாராளமா கத்து, காலை மட்டும் எடுக்காதே!" அம்மா ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, "பெத்த புள்ளையா, இல்ல சர்க்கஸ் குரங்கா?" என்று திட்டிக்கொண்டே உள்ளே போய்விடுவாள். கடைசியில் பையன் கத்துவதை நிறுத்தினான். கால் எழும்புவதும் நின்றது. அன்றைக்கு அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

அந்தப் பையனுக்கு இப்போது தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. கடையும் அவன் பொறுப்பில்தான். அதே காரின் இன்றைய வாரிசை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினான். இன்ஜின் அதே இடத்தில்தான், ஆனால் உள்ளே முழுக்கக் கம்ப்யூட்டர். "வளைவுல பிரேக்கே போடலாம்ப்பா, அதுவே பாத்துக்குமாம். வித்தவன் சொன்னான்."

"விக்கிறவன் வேற என்னடா சொல்லுவான்? இன்ஜின் பின்னாடிதானே உக்காந்திருக்கு?"

மகன் சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகன் ஓட்ட, இருவரும் மலைச்சாலைக்குப் போனார்கள். இரவு பெய்த மழையில் தார் மினுங்கியது. கார் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல ஓடியது. பெரியவருக்கே வாயெல்லாம் பல். அடுத்த வளைவுக்குள் நுழைந்து பாதி திரும்பியபோது, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர் சாலையைக் கடந்துகொண்டிருந்தார். பெரியவர்தான் முதலில் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அவர் கை மகனின் முழங்கால்மேல் போய் அமுக்கியது. "எடுக்காதே!"

ஒரு விரற்கடை கூட வழுக்கவில்லை கார். கோடு போட்டதுபோல அந்த வளைவைச் சுற்றி நேராக அந்த மனிதர் மேல் போய் ஏறியது.

அடுத்த வாரம் காவல்நிலையத்தில் இன்ஸ்பெக்டர் மகனிடம் மரியாதையாகத்தான் பேசினார். சுவரோரத்து பெஞ்சில் செத்தவரின் மனைவி, ஒரு பக்கத்துக் கண்ணாடி உடைந்த மூக்குக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது அவள் புருஷனுடையது. அந்த ஃபிரேம் தன் கடையில் விற்றது என்று பார்த்ததும் தெரிந்தது பெரியவருக்கு. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தம்பி, ரோட்டுல பிரேக் போட்ட தடமே இல்ல. கார் கம்ப்யூட்டரையும் பாத்தாச்சு. ஆக்ஸிலரேட்டர்லேருந்து நீங்க காலை எடுக்கவே இல்ல. கம்பெனி இன்ஜினியர் அதே வளைவுல ஓட்டிக் காமிச்சாரு. பிரேக்கை அமுக்கினா போதும், கார் நேரா நிக்குது. சைக்கிள்காரரு நடந்தே வீட்டுக்குப் போயிருப்பாரு. ஆளைப் பாத்தும் நீங்க கால் எடுக்கலன்னா, நான் இதை விபத்துன்னு எப்படி எழுதறது? கொலைன்னுதானே நினைப்பாங்க?"

நேராக நிற்கிறது. அந்த வார்த்தை பெரியவரின் மண்டையில் சம்மட்டியாக விழுந்தது. மரக்கிடங்கு, தண்ணீர், கத்தல், அத்தனையும் இந்தக் காருக்கு வேண்டாத பாடம். பிள்ளையாவது தப்பட்டும் என்று பாய்ந்து எழுந்தார்.

"ஐயா, அவன் மேல தப்பே இல்ல. நான்தான் அவன் முழங்காலைப் புடிச்சு அமுக்கினேன். அவன் எடுக்கத்தான் பாத்தான், நான் விடல. என்னைப் புடிச்சுப் போடுங்க."

இன்ஸ்பெக்டர் மகன் பக்கம் திரும்பினார். "நிஜமா தம்பி? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இதுலதான் எல்லாமே இருக்கு."

'ஆமாம்னு சொல்லுடா, ஒரே ஒரு வார்த்தைடா' என்று பெரியவர் கண்ணாலேயே கெஞ்சினார்.

மகன் அவரைப் பார்க்கவில்லை. பெஞ்சில் இருந்தவளைப் பார்த்தான். அவளும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா கை வெச்சாரு சார். ஆனா என் கால் எழும்பவே இல்ல. அவரு பக்கத்துல இல்லாம நான் தனியா வந்திருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன்."

"டேய்!" என்று அலறினார் பெரியவர். "அதைச் சொல்லாதடா!"

"வேற எப்படிப்பா சொல்றது?" என்றான் மகன். "எனக்கு எடுக்கத் தெரியாதேப்பா."