வேலிக்கு வெளியே நின்ற சூறாவளி

முப்பத்தொரு மணி நேரம் அந்தச் சூறாவளி லொரீன் கெஸிங்கரின் வேலிக்கு வெளியே நின்றது. வேலியை மிதிக்கவில்லை. தபால் பெட்டியைக்கூட அசைக்கவில்லை. அந்த வாரம் ஃபெதர் கிரீக்கில் கோதுமை விலை இறங்கியிருந்தது, ஏரியில் மீன் சரியாகக் கடிக்கவில்லை, மேற்கு ஓக்லஹோமா முழுக்க வானம் பச்சை பிடித்துக் கிடந்தது. ஒரே மதியத்தில் எட்டு ஒன்பது சூறாவளிகள் இறங்கின. மற்றவை வந்த வேலையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டன. இது மட்டும் போகவில்லை.

ஊரில் வானம் பார்ப்பவர்கள் நான்கு பேர் இருந்தார்கள். சம்பளம் கிடையாது, யாரும் கேட்கவும் இல்லை. மற்றவர்கள் பேஸ்பால் பார்ப்பதுபோல இவர்கள் மேகம் பார்த்தார்கள், அவ்வளவுதான். மேகம் கறுத்தால் தீவனக் கடை ஆடெல் ப்ரூவிட் தெற்குச் சாலைக்குப் போவார். பள்ளிப் பேருந்து ஓட்டும் மேபெத் மேற்குச் சாலைக்கு. பாஸ்டர் எமில் பிரசங்கத்தைப் பாதியில் விட்டுவிட்டு வடக்கே. கிழக்குச் சாலை ராய்ஸ் மறைந்த இடம். மரியாதைக்காக அதைக் காலியாக விட்டிருந்தார்கள். ராய்ஸின் மனைவி லொரீன் வீட்டிலிருந்து ரேடியோவைக் கவனித்துக்கொண்டாள். யார் பேசினாலும் நான்கு விஷயம் கேட்பாள்: யார், எங்கே, என்ன பார்த்தீர்கள், எந்தப் பக்கம் போகிறது. பிறகு ஐந்தாவதாக, "கண்ணால பார்த்தீங்களா?" நினைத்ததைச் சொல்பவர்களை அவள் ரேடியோவில் பேசவிடுவதில்லை. நேரில் யார் முகத்தையும் பார்த்துப் பேசக் கூசுகிறவள் மைக்கைப் பிடித்தால் ஊரே அவள் சொல்படி நிலவறைக்குள் இறங்கும்.

அடிவானத்தில் இடமும் போகாமல் வலமும் போகாமல் நிற்பதுபோலத் தெரியும் சூறாவளி நேராக உன்னை நோக்கி வருகிறது. இதை அந்த ஊர்க் குழந்தைகள் எழுத்துக்கு முன்பே படிக்கிறார்கள். அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமை மதியம் அப்படி ஆனது.

"லொரீன், நான் ஆடெல். தெற்குச் சாலை, பாலத்துகிட்ட. தூண் நல்லா தெரியுது, கொஞ்சமும் அசையலை. நேரா எங்கிட்டதான் வருது. நான் கிளம்புறேன், ஓவர்."

"உங்ககிட்ட எப்படி வரும்? அது எங்கிட்டதானே வருது!" மேற்கிலிருந்து மேபெத் கத்தினாள். "நான் ஏற்கெனவே ரிவர்ஸ்ல போய்ட்டிருக்கேன்."

"ரெண்டு பேரும் மன்னிக்கணும்," என்றார் வடக்கிலிருந்து பாஸ்டர் எமில். "அது என்னைத்தான் தேடுதுன்னு நினைக்கிறேன்."

மூன்று பேரும் மூன்று திசைகளில் வண்டியை விரட்டினார்கள். பக்கத்து ஊரே வந்துவிட்ட பிறகுதான் மேபெத் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள்.

"ஏய் லொரீன். இது வரலைடி. நிக்குது."

"நிக்குதுன்னா?"

"நிக்குதுன்னா நிக்குது. உன் வீட்டு வேலிகிட்ட. பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி."

லொரீன் திரைச்சீலையை விலக்கினாள். மாதா கோயில் அகலத்தில், ஈர மண்ணின் நிறத்தில், வானம் வரை எழுந்து சுற்றிக்கொண்டிருந்தது. கோழிகள் அதன் நிழலில் மேய்ந்துகொண்டிருந்தன.

சூறாவளி தரையில் இருக்கும்வரை அபாயச் சங்கு ஊத வேண்டும் என்பது விதி. அந்தச் சங்குக்கு ராய்ஸ் என்று பெயர். ராய்ஸ் நினைவாக ஆண்டுதோறும் பான்கேக் விருந்து நடத்திச் சேர்த்த பணத்தில் வாங்கியது. "ராய்ஸ் கத்துறான், உள்ள வாங்கடா," என்றுதான் தாய்மார்கள் பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள். ஊர் நிலவறைகளில் உட்கார்ந்திருந்தது. ராய்ஸ் கத்திக்கொண்டே இருந்தான்.

பதினோரு வருடம் முன்பு இதே போன்ற ஒரு மே மாதத்தில் ராய்ஸ் காணாமல் போனான். அதுவரை மைக் அவன் கையில்தான் இருந்தது. லொரீன் காப்பி கொண்டுவந்து வைப்பாள். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்து ஏதாவது சொன்னால், "வீட்டுக்குள்ள இருக்கிற மேகத்துக்கு வெளியில இருக்கிற மேகத்தைப் பத்தி என்ன தெரியும்?" என்று ரேடியோவிலேயே சொல்லிச் சிரிப்பான். அன்று ஒரு நாள் மட்டும் மைக்கைப் பிடிக்கச் சொல்லிவிட்டு வெளியே போனான். கிழக்குச் சாலையில் சூறாவளி கடந்தது. அவனுடைய தொப்பி எல்ம் மரத்தில் கிடைத்தது. ஆடெல் ரேடியோவில், "ராய்ஸைக் காத்து தூக்கிட்டுப் போயிடுச்சு லொரீன்," என்றார். அவள் ஐந்தாவது கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கு எல்லாரிடமும் கேட்டாள். ஆடெலிடம் அந்த ஒரு முறை மட்டும் கேட்கவில்லை.

ஊர் அவளைக் கைவிடவில்லை. நூடுல்ஸும் சூரை மீனும் சேர்த்துச் சுட்ட உணவுப் பாத்திரங்கள் வாசலில் வரிசையாக வந்தன. கோடை முடியும்வரை அவள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. கல்லறையில் தொப்பியைப் புதைத்துக் கல் நட்டார்கள். அடுத்த வசந்தத்திலிருந்து அந்தப் பக்கம் போகிற ஒவ்வொரு சூறாவளியும் அவள் வாசலில் எதையாவது வைத்துவிட்டுப் போனது. ஒரு வருடம் ஒற்றை பூட்ஸ், மறு வருடம் அதன் ஜோடி. பிறகு சவரக்கத்தி, தூண்டில், ராய்ஸின் அளவில் ஒரு மேலுடை. ராய்ஸ் அனுப்புகிறான் என்றது ஊர். லொரீன் துவைத்து, மடித்து, பாஸ்டரிடம் ஏழைகளுக்குக் கொடுத்தாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. யாரும் எதையும் அனுப்பவில்லை. செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டு அந்தக் காற்று ஈடு செய்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை, வேலியோரம் நின்ற சூறாவளி ஆட்களைக் கொண்டுவரத் தொடங்கியது. முதலில் கன்சாஸிலிருந்து ஓர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். டை கலையாமல், கையில் கோப்பையோடு வாசற்படியில் இறக்கப்பட்டார்.

"மேடம், இது எந்த ஊரு?"

"ஃபெதர் கிரீக். உங்க காப்பி ஆறியிருக்கும். வாங்க, வேற தரேன்."

அவருக்கு ராய்ஸின் உயரம், ராய்ஸின் செம்பட்டை மீசை. சூறாவளி காத்திருந்தது. லொரீன் அதைப் பார்த்துத் தலையை இல்லையென்று ஆட்டினாள். அது பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் விட்டு, காலை அங்கேயே ஊன்றிக்கொண்டு, மேலே மட்டும் நீண்டு எங்கோ துழாவியது. மதியத்துக்குள் வாடகை ஷூவோடு, பந்து உருட்டி விளையாடும் பௌலிங் கூடத்து ஆள் ஒருவர் வந்தார். அவருக்குப் பின்னால் ஏதோ கல்யாணத்திலிருந்து, தட்டில் கேக்கோடு ஒருவர். மூன்று பேரும் அவள் நிலவறையில் சீட்டு விளையாடினார்கள்.

"இன்னொருத்தரா?" என்றாள் மேபெத் ரேடியோவில். "இவராவது பாக்க எப்படி?"

"மீசை இருக்கு."

"எல்லாருக்கும்தான் மீசை இருக்கு. கல்யாணம் ஆனவரான்னு கேட்டியா?"

"மேபெத், ஊரே கேட்டுட்டிருக்கு," என்றார் பாஸ்டர்.

"கேக்கட்டும். நிலவறைல வேற என்ன பொழுதுபோக்கு?"

மாலையில் ஆடெலின் குரல் மாறியது. "லொரீன், இது சாயுது. மேற்கே சாயுது."

அந்தச் சமவெளியில் சூறாவளிகள் கிழக்கே போகும், வடகிழக்கே போகும். மேற்கே போனதாகக் கேள்வியில்லை. மேற்கே நேராகப் போனால் அமரில்லோ நகரம். நான்காவது ஆள் வாசற்படியில் இறங்குவதை லொரீன் மனக்கண்ணில் பார்த்தாள்: செம்பட்டை மீசை, கொஞ்சம் நரைத்திருக்கும். உள்ளே வந்து அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து மைக்குக்குக் கை நீட்டுவான். அவள் காப்பி போடப் போக வேண்டியிருக்கும்.

அவள் மைக்கை எடுத்தாள். "எல்லாரும் கேளுங்க. பழைய தகவல் ஒண்ணைத் திருத்தணும்." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "யாரு, ராய்ஸ் கெஸிங்கர். எங்க, எங்க வீட்டு வாசல். என்ன பார்த்தேன், வெள்ளைப் பெட்டியைத் தூக்கிட்டுக் கார்ல ஏறினான். உள்ள ஒரு பொம்பளை இருந்தா. எனக்குக் கையாட்டினா, நானும் ஆட்டினேன். கார் வேகத்துல தொப்பி மட்டும் பறந்துச்சு. எந்தப் பக்கம் போனான், மேற்கே. அங்க வானம் வெறுமனே இருந்துச்சு. காத்து அவனைத் தொடவே இல்லை. என் கண்ணால பார்த்தேன்."

சங்கு மட்டும் கேட்டது. சூறாவளி சாய்ந்த வாக்கில் அப்படியே நின்றது.

"அமரில்லோல நானே அவனைப் பார்த்தேன்டி," என்றாள் மேபெத் கடைசியில். "பசங்க குதிக்கிற டிராம்போலின் விக்கிறான். நான் பார்த்துப் பத்து வருஷம் இருக்கும். உனக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவியோன்னு..."

"மேபெத் எங்கிட்ட சொன்னா," என்றார் ஆடெல்.

"எங்கிட்டயும்," என்றார் பாஸ்டர். "அதுக்கப்புறமும் நாங்க பான்கேக் சுட்டதெல்லாம் உனக்காகத்தான் லொரீன்."

சூறாவளி மெதுவாக நிமிர்ந்தது. பழி நீங்கிய மாதிரி அதன் நிறம் வெளுத்தது. ஆனாலும் அது போகவில்லை. இப்போது அதற்கு விலாசம் தெரிந்துவிட்டது. இத்தனை வருடப் பழக்கத்தில், உதவி செய்துவிட்டுப் போகலாம் என்று நினைத்ததோ என்னவோ, மறுபடி மேற்கே வளைந்து அவளைப் பார்த்தது.

பிறகு நடந்ததை இப்போதே சொல்லிவிடலாம். அது ஓடையைத் தாண்டி வடகிழக்கே போனது. போகும்போது பக்கத்து வீட்டுப் பறவைத் தொட்டியை நேராக்கி வைத்தது. காற்று கொண்டுவந்த மூன்று பேரையும் மேபெத் பள்ளிப் பேருந்தில் அவரவர் ஊருக்குக் கொண்டுபோய் விட்டாள். பௌலிங் கூடத்து ஆளைக் கடைசியில் விட்டாள், அவர் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கிழக்குச் சாலையில் நின்று மேகம் பார்க்கிறார். பான்கேக் விருந்து நிற்கவில்லை, எல்லாருக்கும் பழகிவிட்டது. சங்கின் பெயரையும் மாற்றவில்லை. லொரீன் வாசலில் அதன் பிறகு எந்தக் காற்றும் எதையும் வைத்ததில்லை.

ஆனால் அதற்கெல்லாம் முன்பு லொரீன் ஜன்னலைத் திறந்தாள். மைக்கின் சுருள் கம்பி நீளும் மட்டும் இழுத்துக்கொண்டு வந்து நின்றாள். ரேடியோவும் கேட்கட்டும், நிலவறைகளும் கேட்கட்டும், காற்றும் கேட்கட்டும் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்:

"அவன் போன அன்னிக்கு நான் நல்லா தூங்கினேன். பதினோரு வருஷமா நல்லாத்தான் தூங்குறேன். எனக்கு அவன் வேண்டாம்."